கடிவாளத்தை விட வேண்டிய நேரம்: பாராமோட்டார் இறக்கையில் வேகமும் திசையும்

கடோபநிடதத்தின் தேர் உவமையை நம் படிப்பு வட்டத்தில் படித்த வாரம் ஒரு தம்பி ஒரு கேள்வி கேட்டார். உடம்பு தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். அதுவரைக்கும் சரி. "கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சா பாதுகாப்பு, விட்டா ஆபத்து. எல்லா வண்டிக்கும் இதுதானே அண்ணே கணக்கு?" என்றார். குதிரைக்கு அப்படித்தான், ஆனா எல்லா வண்டிக்கும் இல்லைன்னு சொன்னேன். தேக்காவில் தே தாரிக் குடிக்கப் போனபோதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்: டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேரோடு தாய்லாந்து போய் பாராமோட்டார் பழகப் போகிறாராம். அப்போ இந்தக் கேள்விக்குச் சரியான பதில் அவருக்குத் தெரிந்தே ஆகணும். இழுத்தால் பாதுகாப்பு என்று கை பழகியிருந்து, இழுக்கக் கூடாத நேரத்தில் இழுத்து விழுகிற வாகனம் ஒன்று உண்டு என்றால் அது பாராமோட்டார்தான்.

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். தாய்லாந்தில் ஒரு அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறேன். பயிற்றுநர் இல்லை. ஆகவே இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு யாரும் பறக்கக் கிளம்பிவிட வேண்டாம். பயிற்சிக்குப் போகும்போது எதைக் கவனிக்கணும், எதைக் கேட்கணும் என்பதற்காக எழுதியது.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அந்தத் தேரைத் திருப்புவதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. இழுப்பது வடம், திருப்புவது முட்டுக்கட்டை. வலப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டால் தேர் வலப்பக்கம் திரும்பும், இரண்டு பக்கமும் போட்டால் நிற்கும். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்கள் வேலை போகவில்லை. வேகத்தை அடக்குவதும் திசை திருப்புவதும் ஒரே பொருள். பாராமோட்டார் இறக்கையிலும் இதே கதைதான். அதன் முட்டுக்கட்டைக்குப் பெயர் பிரேக் பிடி.

தலைக்கு மேல் ஏழெட்டு மீட்டர் உயரத்தில் ஒரு துணி இறக்கை. இரண்டு அடுக்கு நைலான் துணி, நடுவில் வரிசையாக அறைகள். முன்விளிம்பில் உள்ள வாய்கள் வழியாகக் காற்று புகுந்து அந்த அறைகளை உப்ப வைக்கிறது. இறக்கைக்குள் கம்பி கிடையாது, சட்டம் கிடையாது. காற்றழுத்தம்தான் எலும்பு. கீழே வருகிற மெல்லிய கயிறுகள் முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி என்று வரிசைகளாகப் பிரிந்து (சிலவற்றில் டி வரிசையும் உண்டு), இரண்டு தோள் பக்கமும் ரைசர் என்ற நாடாக்களில் சேருகின்றன. பின்விளிம்பிலிருந்து வருகிற கயிறுகள் மட்டும் தனியாகக் கைப்பிடிக்கு வரும். அதுதான் பிரேக். இடது பிடியை இழுத்தால் இறக்கையின் இடது பின்விளிம்பு கீழே வளைந்து, அந்தப் பக்கம் தாமதமாகி, இடப்பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் குறையும். அதற்கும் மேல் இழுத்தால் இறக்கை பறப்பதையே நிறுத்திவிடும். அதை ஸ்டால் என்பார்கள்.

முதுகில் மோட்டார் இருக்கே, அதை முறுக்கினால் வேகம் கூடாதா? இதை எங்கள் வகுப்பில் எல்லோரும் கேட்டோம். கூடாது. திராட்டிலை அழுத்தினால் பாராமோட்டார் மேலே ஏறும், முன்னோக்கிய வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். விட்டால் இறங்கும். காரில் ஆக்சிலரேட்டர் செய்கிற வேலையை இங்கே இறக்கையின் கோணம்தான் செய்கிறது. மூக்கை வெட்டவெளிக்குச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தால் வேகம், தூக்கிக் கொடுத்தால் மெதுவு. பொறியியலில் இதைத் தாக்குகோணம் என்று படிக்கிறோம்.

இது புரியவில்லை என்றால் பட்டத்தை நினையுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பட்டத்துக்கு முச்சை கட்டுவார்கள். சென்னையில் அதைச் சூஸ்திரம் என்பார்கள். மேல் கயிற்றைக் கொஞ்சம் குறைத்தால் பட்டம் காற்றில் தட்டையாக நின்று மென்மையாகப் பறக்கும். கூட்டினால் நெஞ்சை நிமிர்த்தி நின்று கையை இழுக்கும். விரல் அகலம் மாறினாலே பட்டத்தின் குணம் மாறிப்போகும். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பறக்கிற அந்தப் பெரிய பட்டங்களின் அழகெல்லாம் முச்சையில்தான் இருக்கிறது. பாராமோட்டாரில் முச்சையைப் பறந்துகொண்டே மாற்றலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே யாழ்ப்பாணத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைப் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீங்க. பருத்தித்துறைப் பக்கம் சில இளைஞர்கள் தடித்த கயிற்றில் ராட்சதப் பட்டம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று இழுத்த இழுப்பில் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, ஒருவர் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். பட்டம் அவரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கீழே நின்றவர்கள் "கையை விடு" என்று கத்தினார்கள். பட்டம் கொஞ்சம் தாழ்ந்த பிறகுதான் அவர் கீழே விழுந்தார், நல்லவேளையாக உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பலர் சிரித்துக்கொண்டே பகிர்ந்த காணொளி அது. எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மனிதரைத் தூக்கும் அளவுக்கு இறக்கை இருந்தது, முச்சையும் நன்றாகவே கட்டியிருந்தார்கள். ஆனால் மேலே போன பிறகு வேகத்தை மாற்றவோ திசையை மாற்றவோ அவர் கையில் எதுவும் இல்லை. விடுவதா வேண்டாமா என்ற ஒரே கேள்விதான் மிச்சம், அதற்கும் ஒவ்வொரு நொடியும் விடை மாறிக்கொண்டே இருந்தது.

முச்சையை மாற்ற இரண்டு வழி

முதலாவது டிரிம்மர். பின் ரைசரில் ஒரு நாடாவும் பற்கள் உள்ள ஒரு பிடிப்பானும் இருக்கும். நாடாவை இழுத்து இறுக்கினால் பின்வரிசை குட்டையாகி இறக்கை மெதுவாகும். பிடிப்பானை அழுத்தித் தளர்த்தினால் பின்வரிசை நீண்டு, மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். கையை எடுத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். நீண்ட தூரம் போக இது வசதி. ஆபத்தும் அதில்தான். ஏதாவது ஆனால் தானாகத் திரும்பி வராது.

இரண்டாவது ஸ்பீட் பார். காலால் மிதிக்கும் ஒரு குறுக்குத் தண்டு. அதன் கயிறு ஹார்னஸில் உள்ள கப்பிகள் வழியாக ரைசருக்குப் போய் முன்வரிசைகளைக் கீழே இழுக்கிறது. மிதித்தால் வேகம். காலை எடுத்தால் உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டில் எது நல்லதுன்னு கேட்டால், பழகுகிறவருக்கு ஸ்பீட் பார் என்றுதான் சொல்வேன். பயத்தில் கால் தானாகவே தளரும், பயத்தில் யாரும் டிரிம்மரைத் தேடிப் பிடித்து இறுக்குவதில்லை.

வேகம் கூடினால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்கு. பள்ளி இறக்கை ஒன்று டிரிம்மரை மூடிய நிலையில் மணிக்கு 36 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது நொடிக்கு 10 மீட்டர். எல்லாவற்றையும் திறந்து ஸ்பீட் பாரையும் மிதித்தால் வேகமான இறக்கை ஒன்று மணிக்கு 54 கி.மீ. தொடலாம், நொடிக்கு 15 மீட்டர். ஒன்றரை மடங்குதானே? காற்றின் இயக்க அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். 60 பாஸ்கலிலிருந்து 135 பாஸ்கலுக்குப் போகிறது, இரண்டேகால் மடங்கு. இந்த அழுத்தம் இருப்பதால் இறக்கை உறுதியாகத் தெரியும், கம்பி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த வேகத்தில் முன்விளிம்பு ஒருமுறை மடங்கினால் அதே இரண்டேகால் மடங்கு சக்தியோடுதான் மடங்கும், திரும்பும், ஆட்டும்.

இழுக்கக் கூடாத இடம்

இந்தக் கட்டுரையை எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான். கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

பாராகிளைடிங் பள்ளிகளில் கற்றுத்தரும் சாதாரண இறக்கையில், காற்று கொந்தளித்தால் இரண்டு பிரேக்கையும் லேசாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். பின்விளிம்பு சற்றுத் தாழ்ந்து, தாக்குகோணம் கூடி, இறக்கை இறுகும், மூக்கு மடங்குவது குறையும். கடிவாளத்தை இழுத்தால் பாதுகாப்பு என்ற கணக்கு அங்கே சரிதான்.

பாராமோட்டாருக்கென்று வந்த பல இறக்கைகள் வேறு வகை. ரிஃப்ளெக்ஸ் என்று பெயர். பிரிட்டனைச் சேர்ந்த மைக் கேம்பல்-ஜோன்ஸ் இந்த வடிவத்தைப் பாராமோட்டார் இறக்கைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். டிரிம்மரைத் திறந்ததும் இந்த இறக்கையின் பின்பகுதி வாத்தின் வால் மாதிரி சற்று மேல்நோக்கி வளையும். அதனால் தூக்குவிசையின் மையம் முன்னுக்கு வந்து, பாரம் பெரும்பாலும் ஏ, பி வரிசைகளில் விழும். ஒரு காற்று வந்து மூக்கைத் தாழ்த்தப் பார்த்தால், மேல்நோக்கிய அந்த வால் மூக்கைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். ஓட்டுநர் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இங்கே பாதுகாப்பு.

இப்போது பழைய பழக்கத்தில், வேகமாகப் போகும்போது, ஒரு ஆட்டம் வந்ததும் பிரேக்கை இழுக்கிறோம் என்று வையுங்கள். என்ன ஆகும்? எந்த வால் மூக்கைத் தூக்கிப் பிடித்திருந்ததோ அந்த வாலையே நாம் கீழே இழுக்கிறோம். மூக்கு ஏற்கெனவே தாழ்ந்த கோணத்தில் இருக்கிறது, இப்போது அதைத் தூக்க எதுவும் இல்லை. முன்விளிம்பு உள்ளே மடங்கும். காப்பாற்றும் என்று நினைத்து இழுத்த கையே இறக்கையைக் கவிழ்த்துவிடும்.

அதனால்தான் இந்த இறக்கைகளில் நுனிப்பிடி என்று இன்னொரு ஜோடி இருக்கிறது. சிறிய கைப்பிடி, சிலவற்றில் ஒரு பந்து மட்டும். அது இறக்கையின் இரண்டு ஓரங்களை மட்டும் அசைக்கும், நடுவில் உள்ள வாலைத் தொடாது. டிரிம்மர் திறந்திருந்தாலோ ஸ்பீட் பார் மிதித்திருந்தாலோ பிரேக் பிடிகளைக் காந்தத்தில் மாட்டிவிட்டு நுனிப்பிடியாலும் உடல் சாய்வாலும் மட்டுமே திரும்பணும். டிரிம்மரை மூடி மெதுவான நிலைக்கு வந்த பிறகுதான் மறுபடி பிரேக்.

எங்கள் பயிற்சியில் இதை ஒரு பாட்டு மாதிரி சொல்ல வைத்தார்கள். தரையில் நின்றுகொண்டு, பயிற்றுநர் "வேகம்" என்றால் கைகள் நுனிப்பிடிக்குப் போகணும், "மெதுவு" என்றால் பிரேக்குக்கு வரணும். ஐம்பது தடவை. சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது, வெயில் வேறு. ஆனால் மேலே போனதும் யோசிப்பதற்கு நேரம் கிடையாது. கை எதைப் பழகியதோ அதைத்தான் செய்யும்.

மடங்கியே விட்டால்? முதலில் ஸ்பீட் பாரிலிருந்து கால், பிறகு திராட்டிலைக் குறைப்பது, பிறகு மடங்காத பக்கம் உடலைச் சாய்த்து நேராகப் போக முயல்வது. அந்தப் பதற்றத்தில் கைகளை ஆழமாக இழுத்தால் மிச்சமிருக்கும் பாதி இறக்கையும் ஸ்டால் ஆகும். இதற்கெல்லாம் உயரம் வேணும். நூறு மீட்டருக்குக் கீழே ஸ்பீட் பார் மிதிக்கக் கூடாது என்பது என் பயிற்றுநர் வைத்த விதி. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இறக்கைக்கு இறக்கை இது மாறும் என்பதையும் சொல்லணும். சிலவற்றில் ஒரே பிடி இரண்டு வேலையும் செய்யும், சிலவற்றில் டிரிம்மர் பாதி திறந்த வரைக்கும் பிரேக் அனுமதி. தயாரிப்பாளரின் கையேடு சொல்வதே முடிவு. நண்பர் சொன்னார், காணொளியில் பார்த்தேன் என்பதெல்லாம் அப்புறம்.

பாரம் ஏற்றிய பிறகு அளவெடுங்கள்

தைப்பூசத்தன்று விடியற்காலையில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் வளாகத்தில் அலகுக் காவடி கட்டுவதைப் பார்த்திருப்பீங்க. இடுப்புப் பட்டையை வீட்டிலேயே அளந்து கட்டி வந்திருந்தாலும், சட்டத்தைத் தோளில் ஏற்றி, ஆளை நிற்க வைத்து, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்து, திருகிகளையும் பட்டைகளையும் திரும்பச் சரிசெய்வார்கள். பாரம் ஏறிய பிறகு உடம்பு வேறு மாதிரி நிற்கும். தேங்க் ரோடு போகும் வழியில் நடுச்சாலையில் நின்று சரிசெய்வதை யாரும் விரும்புவதில்லை.

பாராமோட்டாரும் அப்படியே. ஹார்னஸை ஒரு உத்தரத்தில் தொங்கவிட்டு, மோட்டாரோடு அதில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் அளக்கணும். நின்றுகொண்டு அளந்தது பறக்கும்போது பொருந்தாது.

உட்கார்ந்த நிலையில் கையை நீட்டினால் பிரேக் பிடி எட்டுகிறதா என்பது முதல் கேள்வி. ஹார்னஸின் தொங்குபுள்ளி உயரமாக இருந்தால் ரைசர் மேலே போய்விடும், பிடி எட்டாது. இதற்காகவே பல ரைசர்களில் பிரேக் கப்பிக்கு இரண்டு இடங்கள் வைத்திருப்பார்கள். கப்பியைக் கீழிடத்துக்கு மாற்றினால் கயிற்றின் நீளத்தையும் மாற்றணும், இல்லையென்றால் பிரேக் எந்நேரமும் இழுபட்டே இருக்கும். இதை மறந்துவிட்டுப் பறப்பவர்கள் உண்டு என்று எங்கள் பயிற்றுநர் சொன்னார்.

சரியான நீளம் எப்படித் தெரியும்? கைகளை முழுவதும் மேலே விட்ட நிலையில் பிரேக் கயிறு காற்றில் வில் மாதிரி வளைந்து பின்னால் போகணும். பின்விளிம்பில் ஒரு சுருக்கம்கூட விழக் கூடாது. அதை டிரிம்மர் மூடிய நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. டிரிம்மரைத் திறந்து ஸ்பீட் பாரையும் மிதித்தால் ரைசரின் வடிவமே மாறும், மெதுவான நிலையில் தளர்வாக இருந்த கயிறு அங்கே விறைத்துக்கொள்ளும். கையைத் தொடாமலே பிரேக் போட்ட கதைதான். மேலே சொன்ன ஆபத்து ஓட்டுநருக்கே தெரியாமல் நடக்கும். அதற்குப் பயந்து ரொம்பவும் நீளமாக விட்டால் தரையிறங்கும்போது முழுக் கையையும் இழுத்தாலும் போதுமான பிரேக் கிடைக்காது. ஆகவே தொழிற்சாலை வைத்த நீளத்திலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் இரண்டு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டராக, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, இரண்டு பக்கமும் ஒரே அளவில் மாற்றணும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தரையில் இறக்கையை எழுப்பிப் பார்க்கணும்.

ஸ்பீட் பாருக்கு இரண்டு முனைகளையும் பார்க்கணும். காலை எடுத்த நிலையில் அது முன் ரைசரைத் துளியும் இழுக்கக் கூடாது, கயிறு சற்றுத் தொய்வாகத்தான் இருக்கணும். கால் முழுவதும் நீண்ட நிலையில் ரைசரில் உள்ள இரண்டு கப்பிகளும் ஒன்றையொன்று தொடுகிற அளவு வரணும். குட்டையாக இருந்தால் நாம் அறியாமலே எப்போதும் மிதித்தபடி பறப்போம்.

டிரிம்மர் இரண்டும் ஒரே அளவா என்பதைப் புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் நாடாவில் உள்ள குறியைப் பார்த்து உறுதிசெய்யணும். ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தள்ளியிருந்தாலே இறக்கை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

அப்படித் திரும்பினால் உடனே டிரிம்மரைக் குறைசொல்லிவிடவும் முடியாது. சுழலி ஒரு பக்கம் சுற்றினால் நம் உடம்பு எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு இது. மோட்டார் 15 கிலோவாட், சுழலி நிமிடத்துக்கு 2500 சுற்று என்றால் முறுக்குவிசை சுமார் 57 நியூட்டன் மீட்டர். இரண்டு தொங்குபுள்ளிகளுக்கும் இடையே 45 சென்டிமீட்டர். அப்படியென்றால் முழுத் திராட்டிலில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 13 கிலோ பாரம் கூடி மறுபக்கம் 13 கிலோ குறைந்த மாதிரி. ஒரு பக்கத் தோளில் அரிசி மூட்டை மாட்டியது போல. இதை நல்ல ஹார்னஸ் வடிவமே பெரும்பாலும் சமன்செய்துவிடும். மிச்சமிருந்தால் திராட்டிலைக் குறைத்ததும் திருப்பம் நிற்கும். திராட்டில் குறைந்தும் திருப்பம் நிற்கவில்லை என்றால்தான் டிரிம்மரையோ கயிறுகளின் நீளத்தையோ சந்தேகப்படணும்.

கடைசியாகத் தொங்கும் முனைகள். முதுகுக்குப் பின்னால் அரை மீட்டர் தூரத்தில் சுழலி சுற்றிக்கொண்டிருக்கிறது. பிடியைக் கையிலிருந்து அப்படியே விட்டால் காற்று அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். நீளமான நுனிப்பிடிக் கயிறுகளுக்கு இந்த அபாயம் அதிகம். சுழலியில் ஒரு கயிறு சுற்றினால் அது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதை விடுவிக்க வழி இல்லை. எனவே பிடி ஒன்று கையில் இருக்கணும், இல்லை காந்தத்தில் இருக்கணும், மூன்றாவது இடம் கிடையாது. மிதிக்காத ஸ்பீட் பாரையும் எலாஸ்டிக்கால் இருக்கைக்கு அடியில் கட்டிவிடணும், புறப்பட ஓடும்போது அது காலில் மாட்டும்.

இறங்கும்போது

தேசிய தினத்தன்று ரெட் லயன்ஸ் வீரர்கள் இறங்குவதைப் பார்க்கிறோம். எல்லோரும் கொடிக்கும் புகைக்கும் கைதட்டுகிற நேரத்தில், நீங்கள் அவர்களுடைய கைகளைப் பாருங்கள். கடைசிவரை மேலேயே இருக்கும். தரைக்கு மிக அருகில் வந்ததும் இரண்டு கைகளும் ஒருசேரக் கீழே போகும். அவர்கள் பயன்படுத்துவது பாராசூட், பாராமோட்டார் இறக்கை இல்லை. ஆனால் இந்த ஒரு செயல் இரண்டுக்கும் பொதுவானது. நன்றாக உயரம் இருக்கும்போதே டிரிம்மரை மூடி, காற்றுக்கு எதிராகத் திரும்பி, மோட்டாரை நிறுத்தி, கைகளை மேலே வைத்து வேகத்தைச் சேர்த்துக்கொண்டு வரணும். ஆள் உயரத்துக்கு வந்த பிறகுதான் முழு இழுப்பு. பயந்துபோய் நான்கு மீட்டர் உயரத்திலேயே இழுத்துவிட்டால் வேகம் அங்கேயே தீர்ந்துபோய், மிச்ச உயரத்துக்குக் கல் மாதிரி விழ வேண்டியதுதான்.

வேகமான இறக்கை வாங்கினால் காற்றை ஜெயிக்கலாம்னு ஒரு நினைப்பு நம் வயசுக்காரர்களிடம் இருக்கு. சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் சொல்லும் சுமத்ரா காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும், வீச்சு மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை. நம் 54 கி.மீ. இறக்கை அதற்குள் மாட்டினால் பின்னோக்கித்தான் பறக்கும். ஸ்பீட் பார் வானிலைக்கு மாற்று இல்லை.

இங்கேயே பழகக்கூடியது

சிங்கப்பூரில் பாராமோட்டார் பறப்பதை மறந்துவிடலாம். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று இந்தச் சின்னத் தீவில் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு விமானத்தளம் பக்கத்தில்தான். பட்டத்துக்கே விதி உண்டு: விமானத்தளத்திலிருந்து 5 கி.மீ.க்குள் என்றாலோ 200 அடிக்கு மேலே என்றாலோ அனுமதி வேணும். பாராமோட்டார் பழகப் போகக்கூடிய இடங்களில் ஒன்று தாய்லாந்து. 2018இல் உலகப் பாராமோட்டார் போட்டியே அங்கே நடந்தது.

ஆனால் கைப்பழக்கத்தின் பெரும்பகுதியை மரீனா பேரேஜ் புல்வெளியிலேயே கற்றுக்கொள்ளலாம். நான்கு கயிற்றுத் துணிப் பட்டம் ஒன்று போதும். முன் இரண்டு கயிறு பாரத்தைத் தாங்கும், பின் இரண்டும் பிரேக். பின்கயிறுகளை இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக் கட்டிப் பறக்கவிட்டால் பட்டம் சோம்பி நிற்கும், எழுந்திருக்கவே மறுக்கும். நீளமாக்கினால் சீறும், ஒரு வீச்சு குறைந்ததும் மூக்கு மடிந்து விழும். மேலே எழுதியதில் பாதியைத் தரையில் நின்றே விரல்களால் உணரலாம். அங்கே விழுவது பட்டம் மட்டும்தான்.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் பள்ளியில் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த இறக்கையில் கற்றுத்தருகிறீர்கள், அது ரிஃப்ளெக்ஸா? அதன் கையேட்டைப் படிக்கத் தருவீர்களா? என் எடை மோட்டாரோடு சேர்த்து அந்த இறக்கையின் வரம்புக்குள் வருகிறதா? மோட்டார் போடும் முன் தரையில் எத்தனை நாள் இறக்கையைக் கையாள வைப்பீர்கள்? ஹார்னஸைத் தொங்கவிட்டு என் அளவுக்குச் சரிசெய்வது யார்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஏற்கெனவே செட் பண்ணித்தான் இருக்கு" என்று பதில் வந்தால் வேறு பள்ளியைப் பாருங்கள். அது முந்தின மாணவருக்குச் செய்த அளவு.

தாய்லாந்து போகவிருக்கும் அந்தத் தம்பியும் அவர் நண்பர்களும் புறப்படும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை மரீனா பேரேஜ் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் நான்கு கயிற்றுப் பட்டம் ஒன்று இருக்கிறது, இரவல் ஒன்றும் கிடைக்கும். மற்றவர்களும் வரலாம். வருபவர்கள் கையுறை கொண்டு வாருங்கள். காற்று நன்றாக வீசினால் கயிறு விரலை அறுக்கும்.